உள்ளே இருப்பவரின் கோப்பு யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

கனடாச் சிறைகளில் பரோல் அலுவலராக வேலைக்குச் சேரும் எங்கள் பிள்ளைகளைப் பற்றியும், இங்கே அதை ஒத்த வேலைகளைப் பற்றியும் வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் எட்டை இம்முறை எடுத்துக்கொண்டோம்.

நெடுங்கேணி வாசகி: என் மச்சாள் கனடாவில் சிறைக்குள்ளே பரோல் ஒஃபிசராகச் சேர்ந்திருக்கிறா. பரோல் என்றால் வெளியே விடுவதுதானே? உள்ளே இருந்துகொண்டு அவ என்ன செய்கிறா?

அந்தப் பெயரில் இரண்டு வகை வேலை இருக்கிறது, தங்கச்சி. வெளியே வந்தவரைக் கண்காணிப்பவர் ஒருவர். சிறைக்குள்ளேயே அலுவலகம் வைத்து, ஒருவர் உள்ளே வந்த கிழமையிலிருந்து வெளியே போகும் நாள்வரை அவருடைய கோப்பைச் சுமப்பவர் மற்றவர். உங்கள் மச்சாள் இரண்டாவது வகை. கனடாவில் இரண்டு வருடமும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவர்கள்தான் மத்திய அரசின் சிறைகளுக்குப் போவார்கள். அதற்குக் குறைந்தால் மாகாணச் சிறை. மத்திய சிறைகளை நடத்துவது கனடா சீர்திருத்தச் சேவை. மச்சாளுக்குச் சம்பளம் கொடுப்பதும் அதுதான்.

புதிதாக வந்தவரின் பொலிஸ் அறிக்கை, நீதிபதி தண்டனை விதித்தபோது சொன்ன காரணங்கள், பாதிக்கப்பட்டவர் கொடுத்த வாக்குமூலம், முந்தைய தண்டனைப் பதிவு எல்லாவற்றையும் முதலில் வாசிக்க வேண்டும். பிறகு ஆளைக் கூப்பிட்டுக் கதைக்க வேண்டும். எந்தப் பாதுகாப்புத் தரச் சிறையில் வைப்பது என்பதற்கு 12 கேள்விகள் கொண்ட ஒரு புள்ளி அட்டவணை உண்டு. குற்றத்துக்கு இழுத்த காரணங்களை ஏழு தலைப்பில் பார்ப்பார்கள்: வேலையும் படிப்பும், குடும்பம், கூட்டாளிகள், போதை, வெளியுலக வாழ்க்கையைக் கொண்டு நடத்தும் திறன், மனநிலை, குற்றத்தைப் பற்றிய எண்ணப்போக்கு. இதிலிருந்து ‘சீர்திருத்தத் திட்டம்’ என்ற ஆவணம் எழுதப்படும். தண்டனை குறுகியதென்றால் 70 நாளுக்குள், நீண்டதென்றால் 90 நாளுக்குள் அது முடிய வேண்டும்.

ஆனால் ஒருவரையும் அவ விடுதலை செய்வதில்லை. விடுவதா இல்லையா என்று தீர்மானிப்பது கனடா பரோல் சபை. அது தனியான அமைப்பு. மச்சாள் எழுதிக் கொடுப்பது மதிப்பீடும் பரிந்துரையும் மட்டுமே.

கிளிநொச்சி வாசகர்: ஆறு வருடம் என்று தீர்ப்பு வந்தால் ஆறு வருடமும் உள்ளேயா? தெரிந்தவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

ஆளுக்கொரு கணக்கு வருவதற்குக் காரணம், ஒரே தண்டனைக்குள் நாலைந்து திகதிகள் இருப்பதுதான். ஆறு வருடத்தையே எடுப்போம். ஆறில் ஒரு பங்கு, அதாவது ஒரு வருடம் கழிந்தால், காவலர் துணையின்றிச் சில நாள் வெளியே போய்வர விண்ணப்பிக்கலாம். உச்சப் பாதுகாப்புச் சிறையில் இருப்பவருக்கு அது இல்லை. மூன்றில் ஒரு பங்கான இரண்டு வருடத்தில் முழுப் பரோலுக்குத் தகுதி. அதற்கு ஆறு மாதம் முன்னதாக, ஒன்றரை வருடத்தில், பகல் பரோலுக்குத் தகுதி: பகலில் வெளியே வேலையோ படிப்போ, இரவில் இடைத்தங்கல் விடுதி. மூன்றில் இரண்டு பங்கான நான்கு வருடத்தில் சட்டப்படியான விடுதலை. மிச்ச இரண்டு வருடமும் வெளியே, ஆனால் கண்காணிப்பில். ஆறாவது வருட முடிவில்தான் தண்டனை முற்றாகத் தீரும்.

இதில் இரண்டு பொறி உண்டு. தகுதி வந்துவிட்டது என்றால் விடுதலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. விண்ணப்பம் விசாரிக்கப்படும் நாள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நான்காம் வருட விடுதலை மட்டும் சபையின் தீர்மானம் இல்லாமலே சட்டத்தால் வருவது. அதையும்கூட, கடும் வன்முறை செய்யக்கூடியவர் என்று கண்டால் சபை தண்டனை முடியும்வரை மறுக்கலாம். ஆயுள் தண்டனைக்காரருக்கு அந்த விடுதலை கிடையவே கிடையாது. நீண்ட தண்டனைகளுக்கு மூன்றில் ஒரு பங்குக் கணக்கும் ஏழு வருடத்தோடு நின்றுவிடும்: 24 வருடம் பெற்றவருக்கு முழுப் பரோல் தகுதி எட்டில் இல்லை, ஏழில்.

வவுனியா, பம்பைமடு மாணவர்: பட்டம் முடித்து அங்கே போனால் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாமா? புதிதாகச் சேர்பவர்கள் எதில் பிழை விடுகிறார்கள்?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: சமூக விஞ்ஞானத் துறைப் பட்டம் வேண்டும். சமூகவியல், உளவியல், குற்றவியல், சமூகப்பணி போன்றவை பொருந்தும். இங்கே பெற்ற பட்டமென்றால் அது கனடாப் பட்டத்துக்கு ஈடானது என்று தகைமை மதிப்பீட்டு நிறுவனமொன்றிடம் சான்று எடுக்க வேண்டும். ஆள் தெரிவில் குடியுரிமை உள்ளவர்களுக்கும் நிரந்தர வதிவுள்ளவர்களுக்கும் முன்னுரிமை. பாதுகாப்புச் சோதனை உண்டு. பல இடங்களில் பிரெஞ்சும் கேட்பார்கள்.

இரண்டாவது கேள்விதான் பெறுமதியானது. புதியவர்கள் பயப்படுவது கைதிகளுக்கு, விழுவது எழுத்தில்.

பெரிய பிழை, கைதி சொன்னதையும் கோப்பில் இருப்பதையும் தன் அபிப்பிராயத்தையும் ஒரே வசனத்தில் குழைத்து எழுதுவது. “அவர் குடியை விட்டுவிட்டார்” என்று ஒரு வரி. யார் சொன்னது? எப்போது? எதை வைத்து? “கடந்த ஒன்பது மாதமாகக் குடிக்கவில்லை என்று நேர்காணலில் கூறினார், அந்தக் காலத்தில் எடுத்த மூன்று சிறுநீர்ச் சோதனையிலும் ஒன்றும் காணப்படவில்லை, ஒரு சோதனைக்கு மாதிரி கொடுக்க மறுத்தார்” என்று எழுதினால் மூன்று வேறு விஷயங்கள் மூன்றாகவே நிற்கும். சபை உறுப்பினர் அந்த மறுப்பைப் பற்றிக் கேட்பார். அது கோப்பில் இருந்தும் அறிக்கையில் இல்லையென்றால், அறிக்கையின் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் வாசிப்பார்.

அடுத்தது, பழைய அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டுவது. எல்லாம் கணினியில் இருப்பதால் இது மிக இலகு. ஒருமுறை தவறாக ஏறிய ஒரு சம்பவம், ‘கத்தி’ என்று எழுதப்பட்ட ஒரு ‘கட்டை’, பத்து வருடம் அறிக்கைக்கு அறிக்கை தாவிக்கொண்டே போகும். மூல ஆவணத்தைத் திறந்து பார்க்காமல் முந்தைய அலுவலரின் வசனத்தை நம்பக் கூடாது. தன் கோப்பில் பிழை இருக்கிறது என்று கைதி எழுத்தில் திருத்தம் கேட்கும் உரிமை 1992ஆம் ஆண்டின் சீர்திருத்தம் மற்றும் நிபந்தனை விடுதலைச் சட்டத்தில் உண்டு. கேட்டால் எரிச்சல்படாமல் மூலத்தைப் பார்ப்பதே வேலை.

மூன்றாவது, காலம். சபை ஒரு விண்ணப்பத்தை எடுப்பதற்குக் குறைந்தது 15 நாளுக்கு முன்னர், அது பார்க்கப்போகும் தகவல் அல்லது அதன் சுருக்கம் கைதியின் கையில் சேர வேண்டும். அதற்கு முன்பே வெளியிலுள்ள அலுவலரிடமிருந்து ‘இந்த முகவரியில் இவரைக் கண்காணிக்கலாம்’ என்ற திட்டம் வந்திருக்க வேண்டும். அதற்கும் முன்பு அந்த வீட்டுக்காரரோடு கதைத்திருக்க வேண்டும். ஆகவே விசாரணை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கலண்டரில் குறித்து வைப்பார்கள் அனுபவசாலிகள். முன்னோக்கி எண்ணுபவர் கடைசிக் கிழமையில் மாட்டிக்கொள்வார். அலுவலருக்கு அது ஒரு கடிந்துரை. கைதிக்கு அது இன்னும் சில மாதம் மறியல்.

பயிற்சி வகுப்பிலும் இதே சிக்கல். கோப நிர்வாகம், போதை போன்றவற்றுக்கான வகுப்பு முடியாமல் பரோலுக்குப் பரிந்துரை எழுதுவது கடினம். வகுப்புக்கோ வரிசை. முதல் தகுதித் திகதிக்கு முன்னர் பலர் வகுப்பை முடிப்பதில்லை என்பது கனடாவின் கணக்காய்வாளர் நாயகம் 2015இல் சுட்டிக்காட்டிய குறை. அதனால் சீர்திருத்தத் திட்டம் எழுதும் கையோடு வகுப்புக்குப் பெயரையும் பதிந்துவிட வேண்டும்.

புள்ளி அட்டவணைகளைத் தெய்வவாக்காக எடுப்பதும் ஒரு பிழை. அந்த அளவுகோல்கள் பூர்வகுடி மக்களுக்குச் சரியாகப் பொருந்துமா என்று உறுதிசெய்யாமலே சீர்திருத்தச் சேவை பயன்படுத்தியது பிழை என்று 2018இல் கனடா உச்ச நீதிமன்றமே ஈவர்ட் வழக்கில் சொன்னது. புள்ளி எத்தனை என்று எழுதுங்கள். அந்தப் புள்ளி இந்த ஆளில் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதையும் எழுதுங்கள்.

செட்டிகுளம் தந்தை: மகள் இந்த வேலைக்குப் போகப் போகிறாளாம். பெண்பிள்ளை சிறைக்குள் தனியே கைதியோடு ஒரு அறையில் இருப்பதா?

உங்கள் யோசனை நியாயம்தான், ஐயா. ஆனால் தனியே என்றால் பாதுகாப்பில்லாமல் என்று அர்த்தமில்லை. உடம்பில் மாட்டிய அபாய மணி இருக்கும். அமர்த்தினால் காவல் உத்தியோகத்தர்கள் ஓடிவருவார்கள். யாரை, எந்த அறையில், எத்தனை மணிக்குச் சந்திக்கிறேன் என்று காவலருக்கு முதலே சொல்லிவிட்டுப் போக வேண்டும். கதவுக்குக் கிட்டிய கதிரை அலுவலருடையது. கைதியின் கதிரை உள்பக்கம். மேசையில் கத்தரிக்கோல், பாரமான பேப்பர் வெயிற், குடும்பப் படம் ஒன்றும் வைப்பதில்லை. சொந்தக் கைத்தொலைபேசி வாசலோடு சரி. மணியை மாட்டும்போது மின்கலம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதை ஒரு கிழமைக்குப் பிறகு பலர் மறந்துவிடுகிறார்கள். அதை மட்டும் மகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

உடம்புக்கு வரும் ஆபத்தைவிட மனதுக்கு வருவதே அதிகம். சிறுபிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளை வரிக்கு வரி வாசித்துவிட்டு, அதைச் செய்தவரிடம் போய் மரியாதையாகக் கேள்வி கேட்க வேண்டும். இறுதி யுத்தத்தைக் கண்ட பிள்ளைகளுக்கு எந்தப் பக்கம் எதைக் கிளறும் என்று சொல்ல முடியாது. ஊழியருக்கான உளவளத்துணைச் சேவை வேலையிடத்திலேயே உண்டு. முதல் வருடத்திலேயே அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாங்குளம் வாசகி: எங்கட ஆட்களும் அங்கே உள்ளே இருப்பார்கள்தானே. தமிழ் அலுவலர் என்று கண்டதும் “நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டால் என்ன சொல்வது?

கட்டாயம் கேட்பார்கள். அடுத்த கேள்வி “ஆற்றை பிள்ளை?” என்று வரும். மூன்றாவதில் சொந்தம் பிடித்துவிடுவார்கள். வெளியே இது பண்பாடு. உள்ளே இது ஒரு கயிறு. ஊர் தெரிந்தால் ஊரிலுள்ள தாய் தகப்பன் தெரியும். தெரிந்தால் அவர்களிடம் ஒருவர் போய் நிற்கலாம்.

“இலங்கை” என்பதோடு நிறுத்தி, “இண்டைக்கு உங்கட விஷயத்தைக் கதைப்பம்” என்று கோப்புக்குத் திரும்புவது போதும். முகத்தை முறிக்கத் தேவையில்லை. உண்மையாகவே சொந்தமோ, அயலோ, பள்ளிக்கூடத் தோழரோ என்றால் அன்றைக்கே மேலதிகாரிக்கு எழுத்தில் அறிவித்து அந்தக் கோப்பை வேறொருவருக்கு மாற்றச் சொல்ல வேண்டும். பின்னால் தெரியவந்தால் மறைத்தது என்றாகிவிடும்.

சின்ன உதவிகளில்தான் வழுக்குவது: “அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்து நான் சுகம் எண்டு சொல்லிவிடுங்கோ அக்கா.” கல்நெஞ்சுக்காரருக்கும் மறுக்கக் கஷ்டமான கேள்வி. செய்தால் அடுத்தமுறை கடிதம், அதற்கடுத்தமுறை பொதி. கைதிக்குத் தொலைபேசி வசதி உண்டு. அம்மாவின் இலக்கத்தை அனுமதிப் பட்டியலில் சேர்க்கும் படிவத்தை எடுத்துக் கொடுப்பதே சரியான உதவி.

இன்னொன்று: விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக அலுவலரையே இருத்தப் பார்ப்பார்கள், செலவு மிச்சமென்று. ஆங்கிலமோ பிரெஞ்சோ போதியளவு விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. தானே பரிந்துரை எழுதியவர் தானே மொழிபெயர்த்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

புதுக்குடியிருப்புத் தாய்: என்ர மகன் கனடாவில் மறியலில். பரோல் ஒஃபிசர் குடும்பக் கடிதம் கேட்டதாகச் சொன்னான். நான் என்னத்தை எழுதுறது?

அம்மா, “என் பிள்ளை ஒரு பாவமும் அறியாதவன்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீதிமன்றம் குற்றவாளி என்று கண்டபிறகு அந்த வரி, குடும்பமும் குற்றத்தை ஏற்கவில்லை என்றே வாசிக்கப்படும்.

எழுத வேண்டியவை இவை. நீங்கள் யார், மகனோடு எத்தனை நாளுக்கு ஒருதரம் கதைக்கிறீர்கள். அவன் என்ன குற்றத்துக்காக உள்ளே இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும் என்பது. கனடாவில் அவனுக்கு இருக்கிற சொந்தம் யார், அவர்கள் இடம் கொடுக்கச் சம்மதமா. இடம்பெயர்வில் அவன் கண்டவை, பள்ளிக்கூடம் குழம்பிய வருடங்கள், தகப்பன் இல்லாமற் போனது போன்றவை இருந்தால் வருடத்தோடு எழுதுங்கள். அதைச் சாட்டாகச் சொல்லாதீர்கள், நடந்ததாகச் சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும். தமிழில் கைப்பட எழுதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலம் செய்து, இரண்டையும் ஒன்றாக அனுப்புங்கள். விசாரணைக்குப் பல கிழமை முன்னரே போய்ச் சேர வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. மகனுக்குக் கனடாக் குடியுரிமை இருக்கிறதா? நிரந்தர வதிவு மட்டும் உள்ளவருக்கு ஆறு மாதத்துக்கு மேல் தண்டனை விழுந்தாலே நாட்டைவிட்டு அனுப்பும் நடவடிக்கை தொடங்கலாம். மத்திய சிறையில் இருப்பவரெல்லாம் அந்த எல்லையைத் தாண்டியவர்கள். அகதியாக ஏற்கப்பட்டவரென்றால் அனுப்புவதற்குத் தனியான தீர்மானம் வேண்டும். பரோல் அலுவலர் இதில் முடிவெடுப்பவர் அல்ல. குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரை மகன் இப்போதே பிடிக்க வேண்டும், விடுதலை நாள் வரட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது.

முல்லைத்தீவு வாசகர்: இலங்கையில் பரோல் அலுவலர் என்று ஒரு பதவி இருக்கிறதா?

அந்தப் பெயரில் இல்லை. வேலை பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. சிறைக்குள் புனர்வாழ்வு, நலன்புரி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அனுமதிப்பத்திரத்தில் விடுவது, வீட்டு விடுமுறை போன்ற ஏற்பாடுகளும் சிறைச்சாலைகள் திணைக்களத்தில் உண்டு. பொதுமன்னிப்பு வேறு விஷயம். அது அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதியின் அதிகாரம். தமிழ்நாட்டுச் செய்திகளில் வரும் ‘பரோல்’ பெரும்பாலும் சில நாள் விடுப்பு. அதையும் கனடாப் பரோலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெளியே இரண்டு சேவை. 1944ஆம் ஆண்டு 42ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நன்னடத்தை உத்தியோகத்தர்கள். 13ஆம் திருத்தத்துக்குப் பின் இவர்கள் மாகாண சபையின் கீழ், ஆகவே வடக்கு மாகாண ஆட்சேர்ப்பு அறிவித்தலைப் பாருங்கள். மற்றது 1999ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம். மறியலுக்குப் பதிலாகச் சம்பளமில்லாத பொதுவேலை, உளவளத்துணை என்று நீதவான் இடும் கட்டளையை நடத்துவது இவர்கள். இது மத்திய அரசின் திணைக்களம் என்பதால் வர்த்தமானியைப் பார்க்க வேண்டும். படிப்புக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. சமூகப்பணிப் பட்டத்துக்குத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம்.

துணுக்காய் வாசகர், இங்கே நன்னடத்தை உத்தியோகத்தராகப் புதிதாக நியமனம் பெற்றவர்: கண்காணிப்பில் உள்ளவரின் வீட்டு அறிக்கை எழுதப் போகும்போது எதைப் பார்ப்பது?

தம்பி, முகவரியிலிருந்து தொடங்குங்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அடையாள அட்டை முகவரி ஒன்று, காணி அனுமதிப்பத்திரம் இன்னொன்று, ஆள் இருப்பது மூன்றாவது. கிராம அலுவலரின் கடிதத்தை வைத்து மட்டும் எழுதாமல் நேரில் போங்கள், சொல்லாத ஒரு நேரத்திலும் ஒருமுறை. யார் யார் இரவில் படுக்கிறார்கள், முறைப்பாடு செய்தவரின் வீடு எத்தனை வேலி தள்ளி, கசிப்பு எங்கே விற்கிறது, பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். கையொப்பமிட வர வேண்டிய நாளில் பஸ் இல்லாத ஊர்க்காரருக்குக் காலை எட்டு மணி என்று போடுவது, கட்டளையை மீற நீங்களே வழிசெய்வது. காலபோக அறுவடை நேரத்தில் கூலிக்குப் போகிறவருக்கும் அப்படித்தான். முன்கூட்டியே நாளை மாற்றிக் கோப்பில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வராதவர் என்று பதிவாகும்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இருக்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். இடப்பெயர்வில் தொலைத்து, பிறகு எடுக்காமலே விட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அட்டையில்லாமல் வங்கிக் கணக்கும் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை. பிரதேச செயலகத்தில் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்த திகதியையும் அறிக்கையில் சேருங்கள். கட்டளை சிங்களத்தில் மட்டும் வந்திருந்தால் தமிழ்ப் பிரதி கேட்டு வாங்கி, நிபந்தனைகளை ஒவ்வொன்றாக அவரையே திருப்பிச் சொல்ல வையுங்கள். தலையாட்டுவதை விளங்கியதாக எடுக்க வேண்டாம்.